பழைய சாமானும் வீட்டுச் செலவும்



இந்த வாரப் பாடம் பரணையும் அடுப்படியையும் பற்றியது. வீடு மந்திரிக்க வரும் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விடுவார், மேலே நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்று தாய்மாரில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கத்தான் செய்கிறோம். பரண் நிறைய ஜாம் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, மூடி தொலைந்த தூக்குவாளி, கிழிந்த சேலை மூட்டை, எண்ணெய் வந்த தகரம். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், "எதற்காவது உதவும், சாமி" என்பதே எல்லா வீட்டிலும் பதில். எது உதவும், எதற்கு உதவும், எதற்கு உதவவே கூடாது என்று பிரித்தறிவதுதான் இங்கே விஷயம். வீட்டின் மாதச் செலவு அதைப் பொறுத்திருக்கிறது. சில சமயம் பிள்ளைகளின் உயிரும் அதைப் பொறுத்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சேர்த்துவைப்பது வேறு, சிக்கனம் வேறு. பரணில் இருபது பாட்டில் கிடப்பதால் ஒரு காசும் மிச்சமாவதில்லை. கடையில் வாங்கவேண்டியிருந்த ஒரு பொருளை அந்தப் பாட்டிலால் வாங்காமல் நிறுத்தினால்தான் மிச்சம். பரணில் இருபது கண்ணாடிப் பாட்டிலை வைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் மல்லித்தூள் போட்டுவைக்க ஒரே நிறத்தில் டப்பா வரிசை வேண்டுமென்று பாத்திரக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. இன்னும் சிலர் பழைய பாட்டிலை அலங்கரிப்பதற்கென்று பசையும் பெயிண்டும் சரிகையும் வாங்கி, பாட்டிலின் விலையைவிட நாலு மடங்கு செலவழிக்கிறார்கள். அது நல்ல பொழுதுபோக்கு, குற்றமில்லை. ஆனால் அதைச் சிக்கனக் கணக்கில் எழுதக்கூடாது.

உண்மையான மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்களானால், துணியில் இருக்கிறது என்பேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கடையில் வாங்கும் டயப்பர் நாளொன்றுக்கு நான்கு செலவாகிறது, ஒன்றின் விலை பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 40 ரூபாய், மாதத்துக்கு 1,200 ரூபாய். குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையா? அதே வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி கிடக்கிறது. எட்டு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். பலமுறை துவைத்து நைந்த பருத்தியைப்போல் குழந்தையின் தோலுக்கு இதமான துணி புதிதாக எந்தக் கடையிலும் கிடையாது. நம் பாட்டிமார் அதைத்தான் இடுப்பில் கட்டினார்கள். துவைக்கும் வேலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேலை தாயின் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வது தகப்பனின் கடமை. இரவுக்கும் பிரயாணத்துக்கும் டயப்பர், பகலில் வீட்டில் துணி என்று வைத்துக்கொண்டாலும் பாதிக்குமேல் மிச்சம். துணியைச் சோப்புக்காரம் போக நன்றாக அலசி, வெந்நீரில் முக்கி, நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். ஈரம் காயாத துணியைக் கட்டினால் புண் வரும். பிறகு மருந்துக்கடையில் மிச்சத்தைக் கொடுக்கவேண்டியதுதான்.

சேலையின் விஷயமும் இப்படியே. சேலை முழுவதும் ஒரே நேரத்தில் நைவதில்லை. உட்காரும் இடமும், கால் தட்டும் ஓரமும் முதலில் போகும். முந்தியும் மறுபக்கக் கரையும் உறுதியாக இருக்கும். நைந்ததை வெட்டி நீக்கிவிட்டு நல்ல பாகத்தில் சிறுமிக்குப் பாவாடை, தலையணைக்கு உறை, கதவுக்குத் திரை தைக்கலாம். நைந்த பாகத்தை மூன்று நாலு மடிப்பாகப் போட்டு நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் படுக்கை விரிப்பு. தூளி கட்டுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பிள்ளையைப் போடுமுன் ஒரு அரிசிச் சிப்பத்தைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். முடிச்சுப் போடும் இடத்தில் துணி நைந்திருந்தால் அங்கேதான் கிழியும். தவழத் தொடங்கிய பிள்ளையைத் தூளியில் தனியே விட்டுப்போவதும் அபாயம். துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இதிலே இன்னொரு நுணுக்கம். இன்று வீட்டில் கழியும் துணியில் பெரும்பகுதி பாலியெஸ்டர். அது தண்ணீரை உறிஞ்சாது. தரை துடைத்தால் ஈரத்தை இங்கிருந்து அங்கே தள்ளிவிடும், அவ்வளவுதான். அதைவிட மோசம், சூடான சட்டியை இறக்க அடுப்படியில் அதைக் கைப்பிடித் துணியாக வைப்பது. பருத்தி எரிந்தால் காகிதம்போல் சாம்பலாகும். பாலியெஸ்டரோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; அந்தப் புண் ஆற நாளாகும். எது பருத்தி என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கருகிப் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. உருகி முனையில் கெட்டியான மணியாய் உருண்டால் அது அடுப்படிக்கு வேண்டாம்.

பழந்துணியை உடுப்பது ஏழைகளின் அடையாளம் என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் கிழிந்ததைத் தைக்கவும் அந்த அரசாங்கமே 1943-இல் புத்தகம் போட்டு வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவில் 1930-களின் பஞ்ச காலத்தில் கோதுமை மாவு வந்த பருத்திச் சாக்கைப் பிரித்து, பிள்ளைகளுக்குச் சட்டையும் கவுனும் தைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட மாவு ஆலைக்காரர்கள் சாக்கிலே பூப்போட்ட துணியை உபயோகிக்கத் தொடங்கினார்கள். எந்தச் சாக்கில் பூ அழகாயிருக்கிறதோ அந்த மாவு விற்றது. வியாபாரிகளின் கெட்டிக்காரத்தனம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்!

இனி அடுப்படிக்கு வருவோம். இங்கே நான் தாய்மாருக்குச் சொல்லித்தரப் பெரிதாக ஒன்றும் இல்லை. காரணத்தை மட்டும் சொல்கிறேன். சோற்றுக் கஞ்சியில் மாவுச்சத்து இருக்கிறது. நீர்த்த கஞ்சியை வடிகட்டித் துணிக்குப் போட்டால் அது நூலின்மேல் மெல்லிய பூச்சாக நிற்கும். அழுக்கு அந்தப் பூச்சில் படிந்து, அடுத்த துவைப்பில் கஞ்சியோடே போய்விடும். ஆகையால் துணி மொடமொடப்பாக இருப்பதோடு எளிதாகவும் வெளுக்கும். குக்கர் வந்தபின் கஞ்சி வடிப்பது நின்று, கஞ்சி போடும் மாவைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். வாரத்தில் ஒருநாள் சோற்றை வடித்தால் போதும். கரைத்த புளியின் சக்கையில் மிஞ்சும் புளிப்பு, பித்தளையிலும் செம்பிலும் படிந்த களிம்பைக் கரைத்து எடுத்துவிடும்; ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குக் கரைத்த சக்கை ஒரு குத்துவிளக்குக்குப் போதும். விறகுச் சாம்பல் காரமுள்ளது, ஆகவே எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க்கூடும் தேங்காய் நாரும் இருக்கும் வீட்டில் பச்சை நாரைக் கடையில் வாங்குவானேன்? அரிசி கழுவிய நீரும் தேயிலைச் சக்கையும் செடிக்குப் போகட்டும். சர்க்கரை போட்ட தேயிலைச் சக்கையை அலசிப் போடாவிட்டால் எறும்புதான் வரும்.

இதுவரை சொன்னது இலாபக் கணக்கு. இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் 2013 ஜூலை 16-ஆம் நாள் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டார்கள். சமைத்த எண்ணெயைப் பரிசோதித்தபோது அதில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்பதே அன்று வெளிவந்த செய்தி. பாத்திரம் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே எந்தக் காலிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் முதற்கேள்வி, "முன்பு இதில் என்ன இருந்தது?" என்பதே. இதில் இனி என்ன வைக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இரண்டாவது கேள்வியே எழக்கூடாது. தின்பதும் குடிப்பதும் அதில் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வயலுக்கு அடிக்கும் மருந்து வந்த டப்பாவில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சை என்பதால் பயமில்லை என்று எண்ணாதீர்கள். நாலிலும் விஷம் உண்டு. இந்த டப்பாக்கள் கெட்டியாகவும் பிடி வைத்தும் இருப்பதால் கையை இழுக்கும். ஆனால் மருந்து பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறியிருக்கும். சீயக்காய் போட்டுக் கழுவினாலும், வெந்நீர் ஊற்றினாலும் முழுவதும் போகாது. மருந்து கலக்கும்போதே மூன்று தரம் அலசி, அந்த நீரையும் தெளிப்பானில் ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டுவிடவேண்டும். ஓட்டை போடாத டப்பா என்றைக்காவது ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரமாகிவிடும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய சாமான் கடையில் நீல நிறப் பெரிய டிரம் வாங்குகிறோமே, அதில் முன்பு இருந்தது பழச்சாறா, தொழிற்சாலை அமிலமா, சாயமா? கடைக்காரருக்கே தெரியாது. மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். தெரியாத டிரம் துவைக்கவும் கட்டடவேலைக்கும் ஆகட்டும். குடிதண்ணீருக்குப் புது டிரம்மே வாங்குங்கள். அங்கே சிக்கனம் வேண்டாம். பெயிண்ட் வந்த வாளியும் அப்படியே. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வாளிகள் எத்தனையோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அரிசி ஊறவைக்க வேண்டாம்.

இதற்கு எதிர்மாறான தப்பிதம்தான் வீடுகளில் அதிகம். நல்ல பாத்திரத்தில் விஷத்தை ஊற்றிவைப்பதைச் சொல்கிறேன். கலர் குடித்த பாட்டிலில் டர்பென்டைன், தண்ணீர் பாட்டிலில் கக்கூஸ் கழுவும் ஆசிட், சத்துமாவு டப்பாவில் எலி மருந்து. பெரியவர்களுக்கு அது ஆசிட் என்று தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தது பாட்டிலின் உருவம் மட்டுமே. கோவில் திருவிழாவில் கலர் குடித்த அதே பாட்டில்! வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அசம்பாவிதம் நடந்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஆசிட் ஏறிவரும்போது மறுபடியும் சுடும்; மண்ணெண்ணெயும் டர்பென்டைனும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிள்ளையையும் பாட்டிலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டிலைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை எளிது.

பழைய பேப்பரைப் பற்றி இரண்டு வார்த்தை. அலமாரியில் விரிக்கலாம், கண்ணாடி துடைக்கலாம், எடைக்குப் போடலாம். வடையை வைத்து எண்ணெய் பிழிய மட்டும் ஆகாது. அச்சு மையில் ஈயம் முதலிய கேடுகள் இருக்கக்கூடும். சூடான எண்ணெய் அவற்றை இழுத்துக்கொள்ளும். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே இதை எச்சரித்தது. வாழையிலை நறுக்கு போதும். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிதத்துக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெயை மீண்டும் காய்ச்சுவது சிக்கனமாகாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் கெட்ட பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேலானால் அது உணவுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் கடைகளுக்கு விதியே இருக்கிறது. நாம் கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு வீட்டில் அதையே செய்யலாமா?

சிரட்டை, டயர், உடைந்த வாளி, செடி வைத்த தகரம் இவை வெளியே மழையில் கிடந்தால் டெங்கு கொசுவுக்கு வீடு. அந்தக் கொசு முட்டையைப் பாத்திரத்தின் உட்புறச் சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாது; அடுத்த மழையில் பொரியும். பொரித்து, வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள். ஆகவே வாரத்தில் ஒருநாள் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்தும் கழுவவேண்டும். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

இப்படிப் பிரித்தபின் பரணில் மிஞ்சுவதை என்ன செய்வது? ஒரு வருடமாகக் கை படாத பொருள் இனிமேலும் உங்களுக்கு உதவாது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரர் தெருவில் வருவது குறைந்துவிட்டது என்றாலும், எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் பேரம் பேசுமுன் பட்டுச்சேலையின் சரிகையைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்; வெள்ளிச் சரிகையை வாங்க ஆள் உண்டு. நல்ல நிலையிலுள்ள உடுப்பை ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். நாம் உடுத்தக் கூசுவதை அவர்கள் மட்டும் எப்படி உடுத்துவார்கள்?

மிச்சமாகும் காசைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். டயப்பர் வாங்காத 1,200 ரூபாய் தனியே எடுத்துவைக்கப்படாவிட்டால், மாதக் கடைசியில் அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. காலியான ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை அதற்கென்று வையுங்கள். பரணில் கிடக்கும் பாட்டில்களில் அதுவே அதிகம் சம்பாதிக்கும். மாதம் முடிந்ததும் வட்டி அதிகமுள்ள கடன் எதுவோ அதற்கு முதலில் கட்டுங்கள்.

கோவிலிலும் நாம் இதைத்தான் செய்கிறோம். விபூதிப் புதனுக்கு வேண்டிய சாம்பல், சென்ற வருடம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளைச் சுட்டே எடுக்கப்படுகிறது. வீட்டுப் படங்களில் செருகியிருக்கும் காய்ந்த குருத்தோலைகளைக் குப்பையில் போடாமல், தபசுகாலம் தொடங்குமுன் உபதேசியாரிடம் கொண்டுவந்து சேர்க்கவும்.

மெழுகுதிரித் துண்டுகளைப் பற்றி இளம்பெண்கள் சபையார் கேட்டிருக்கிறார்கள். உருக்கித் திரும்ப வார்க்கலாம். ஆனால் மெழுகைத் தகரத்தில் போட்டு நேரே நெருப்பில் வைக்கக்கூடாது. தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் தகரத்தை வைத்து உருக்கவேண்டும். எரிந்த திரியையும் தூசியையும் வடிகட்டி, பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கித் திரியாக நிறுத்தி, காகிதக் குழலில் எண்ணெய் தடவி வார்த்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவேண்டாம், தீ சீறி எழும்பும். ஒரு மூடியால் மூடிவிட்டு அடுப்பை அணையுங்கள். துண்டுகள் சாக்கிறிஸ்தியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை செபமாலைக்குப்பின் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பங்குக் குரு